குட்டியானை மேல யூட்டிலிட்டி பாடியும் பாப்-அப் கேம்பரும்: வேலை தெரிஞ்சவங்க அனுபவத்தை இங்க போடுங்க

மஞ்சக்குப்பம் பட்டறை

டாடா ஏஸ், சூப்பர் கேரி மாதிரி வண்டியில லோடு பாடியைக் கழட்டிட்டு, ரெண்டு பக்கமும் பெட்டி வச்ச யூட்டிலிட்டி பாடி, அது மேல கூரை தூக்குற கேம்பர் (உள்ள படுத்துத் தூங்குற கூடு)னு கேட்டு வர்றாங்க. கடலூர், பாண்டி பக்கம் இந்த வேலை தெரிஞ்சவங்க எதைப் பார்த்தீங்களோ அளவோட எழுதுங்க. சேஸிஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல்ல ஆர்.சி.யை எடுங்க. லேடன் (லோடோட) எடையில அன்லேடன் (காலி வண்டி) எடையைக் கழிங்க. அன்லேடன்ல டிரைவர் எடை சேராது. கழிச்சு 700 கிலோ வருதுன்னா, முன்னாடி உக்கார்ற ரெண்டு பேருக்கு 150 போயிடும். கழட்டின லோடு பாடியை எடை மேடையில வச்சு, அந்த எடையை மட்டும் திரும்ப வரவு வச்சுக்கலாம். ஸ்பிரிங் பட்டை ஒண்ணு கூட போட்டுட்டா கூடுதலா ஏத்தலாம்னு நிறைய பேர் நம்புறாங்க. ஆக்ஸில், டயர், பிரேக் எல்லாம் பழசுதானே. பின் பிரேக்ல எல்எஸ்பிவி வால்வு (லோடைப் பொறுத்து பிரேக் அழுத்தத்தை மாத்துறது) இருக்கிற மாடலா இருந்தா இன்னும் ஆபத்து: பட்டை கூடினா வண்டி பின்னாடி உசரும், வால்வு லோடு இல்லைன்னு நினைச்சு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைச்சிடும். பட்டை போட்டா அந்த வால்வோட ராடையும் திரும்ப செட் பண்ணியே ஆகணும்.

பெட்டி கணக்கு இது. 220 செ.மீ. நீளம், 45 உசரம், 30 ஆழம்னா ஒரு பெட்டிக்குத் தகடு ஏறக்குறைய 3.6 சதுர மீட்டர். 1.6 மி.மீ. இரும்புன்னா 45 கிலோ. 2 மி.மீ. அலுமினியம்னா 19 கிலோ. ரெண்டு பெட்டிக்கும் சேர்த்து 50 கிலோ மிச்சம், அதுல தண்ணி டேங்க்கே வந்துடும்.

சேஸிஸ் மேல, பாடிக்கு அடியில வர்ற சப்-ஃபிரேமுக்கு 75 மி.மீ. சானல் போதும், மீட்டருக்கு 7 கிலோ. சேஸிஸ்ல எங்கயும் வெல்டிங் வைக்காதீங்க. மேல் ஃபிளாஞ்சுல (சேஸிஸ் சானலோட மேல் மடிப்புல) ஓட்டையும் போடாதீங்க, விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். யூ-போல்ட் போட்டு இறுக்கும்போது சானல் வாய் நசுங்காம உள்ள ஒரு ஸ்பேசர் நிறுத்தணும். மரக்கட்டை வைக்கிறவங்க சைலன்சர் பக்கத்துல மட்டும் இரும்பு ஸ்பேசர் வைங்க. சேஸிஸுக்கும் சப்-ஃபிரேமுக்கும் நடுவுல 10 மி.மீ. கன்வேயர் பெல்ட் ரப்பர். உள்ள எஃகுக் கம்பி ஓடுற பெல்ட் வேண்டாம், கம்பி வெளிய வந்து சேஸிஸ் பெயின்டை அறுத்துடும். துணி அடுக்கு பெல்ட்டா வாங்குங்க. சப்-ஃபிரேமோட முன் நுனியைச் சரிவா வெட்டணும். நேரா வெட்டினா கேபினுக்குப் பின்னாடி அந்த ஒரு இடத்துலயே சேஸிஸ் வளைஞ்சு வளைஞ்சு சோர்ந்துடும்.

பின்னாடி மவுன்ட் (சப்-ஃபிரேமைச் சேஸிஸோட பிடிக்கிற இடம்) கெட்டியா இருக்கட்டும். முன்னாடி ரெண்டும் ஸ்பிரிங் வச்ச போல்ட். சேஸிஸ் முறுக்கிக்கணும், பாடி அதோட முறுக்கக் கூடாது. பெட்டிக் கதவை முடிச்சு மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு பின் சக்கரத்தை 15 செ.மீ. கட்டை மேல ஏத்தி நிறுத்திப் பாருங்க. நாலு மவுன்ட்டையும் இறுக்கிக் கட்டின வண்டியில அந்த நிலைமையில பெட்டிக் கதவு திறக்கவே திறக்காது, கொண்டிப் பக்கம் தகடு அலை அலையா நிக்கும். முன் மவுன்ட்டை மாத்தினா அதே கதவு ஒரு விரல்ல திறக்கும்.

வெல்டிங் எந்த இடத்துல வச்சாலும் பேட்டரி வயர் கழட்டியிருக்கணும், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போனா செலவு பெருசு.

தேவனாம்பட்டினம் ஃபைபர்

கூரையை நம்ம ஃபைபர் போட் வேலைக்காரங்களே அருமையா போட்டுத் தருவாங்க. ஆனா போட்டுக்குப் போடுற கனத்துல கூரைக்கும் போட்டா தூக்கவே முடியாது. 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி இழை மேட் ஒரு அடுக்கு ரெசினோட சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிலோ. மேல ரெண்டு, கீழ ரெண்டு, நடுவுல 25 மி.மீ. ஃபோம். 2.4-க்கு 1.6 மீட்டர் கூரைன்னா ஓரச் சட்டத்தோட 38 கிலோவுக்குள்ள வந்துடும்.

ஃபோம்லதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. தெர்மோகோல், எக்ஸ்பிஎஸ் ரெண்டுமே பாலிஸ்டைரீன். நாம போடுற பாலியஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் அதைக் கரைச்சுடும். மேட் ஒட்டி ரோலர் உருட்டும்போதே அடியில குழி விழும், அப்புறம் என்ன ஊத்தினாலும் நிரம்பாது. ஒண்ணு பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் போர்டு வாங்குங்க, இல்லைன்னா பாலியஸ்டரை விட்டுட்டு எபாக்ஸி ரெசினுக்குப் போங்க.

கீல், கேஸ் ஷாக் (கூரையைத் தூக்கிப் பிடிக்கிற, வாயு அடைச்ச ராட்), கொக்கி வர்ற இடத்துல ஃபோமை எடுத்துட்டு 12 மி.மீ. மரைன் பிளைவுட் துண்டு (ஐஎஸ் 710 முத்திரை பாருங்க) வச்சு மேட் போடணும். வெறும் ஃபோம்ல போல்ட் இறுக்கினா வாஷர் உள்ள அமுங்கும், அந்த வழியாத்தான் தண்ணி போகும்.

இன்னொண்ணு, உயிர் சம்பந்தப்பட்டது. கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியா ஒண்ணா ஊத்தாதீங்க, வெடிச்சுத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல கலக்கி முடிங்க, அப்புறம்தான் ஹார்டனர்.

முதுநகர் ஃபேப்ரிகேஷன்

ஃபைபர் அண்ணன் சொன்ன 38 கிலோ கூரைக்கே கேஸ் ஷாக் கணக்கு போடுறேன். கடையில "பெரிய வண்டி டிக்கி ஷாக்" கேட்டு வாங்கிட்டு வந்து மாட்டினா ஒத்து வராது.

கீல் கேபின் பக்கம், கூரையோட எடை மையம் கீல்ல இருந்து 1.15 மீட்டர்னு வைங்க. 38 × 9.81 × 1.15 = ஏறக்குறைய 430 நியூட்டன் மீட்டர். கூரை திறந்திருக்கும்போது ஷாக்குக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 35 செ.மீ. கிடைச்சா, ரெண்டு ஷாக்ல ஒண்ணுக்கு 614 நியூட்டன். 700 வாங்குங்க. மூடினா ஷாக் படுத்துக்கும், அந்தத் தூரம் 13 செ.மீ.யாகக் குறையும். அப்ப ரெண்டு ஷாக்கும் தூக்குறது 182 நியூட்டன் மீட்டர் மட்டும். மீதியைப் பின் விளிம்புல நின்னு கையால தூக்கணும், 11 கிலோ. இது நல்லதுதான், ஓட்டத்துல கூரை தானா எழும்பாது. முதல் ஒரு அடியே கனமா இருக்குன்னு 1200 நியூட்டன் போட்டா, மூடும்போது ஏறக்குறைய 18 கிலோ இழுவை வேணும். கீல் பக்கத்து ஃபைபர் கிழியறது அங்கதான்.

ஷாக்ல எழுதியிருக்கிற நியூட்டன் 20 டிகிரி சூட்டுல அளந்தது. 40 டிகிரியில 7 சதவீதம் கூடும். நம்ம ஊர் மே மாச மதியத்துல பாதி தூக்கினதுக்கு அப்புறம் கூரை கையை மீறி எழும்பும், ஏற்காடு ராத்திரியில அதே ஷாக் சோம்பலா இருக்கும். திறந்த நிலையில ரெண்டு பக்கமும் முட்டுக்கம்பி கட்டாயம், ஷாக்கை மட்டும் நம்பி அடியில தூங்காதீங்க. மூடின நிலையில ராட் கீழ்ப்பக்கமா இருக்கணும், சீல் எண்ணெயில ஊறியிருக்கும்.

கேம்பரைக் கீழ பிடிக்க நாலு எம்12 டர்ன்பக்கிள் (திருகி இறுக்குற கொக்கி). கொக்கி சப்-ஃபிரேம்ல இருந்து வரணும், பெட்டித் தகட்டுல இருந்து இல்ல. லாக் நட் போட்டு, முதல் 50 கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தித் திரும்ப இறுக்குங்க, ரப்பர் மேட் அமுங்கி லூசாகியிருக்கும்.

கடல் காத்துல அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கிட்டு இருந்தா அலுமினியம் வெள்ளைப் பொடியாக் கொட்டும். எஸ்.எஸ். போல்ட்டும் அதே வேலையைச் செய்யும். நைலான் வாஷர், நைலான் புஷ், நடுவுல ரப்பர் ஷீட். வெளிய தெரியற போல்ட்டுக்கு 304 கிரேடு எஸ்.எஸ். வேண்டாம், 316 வாங்குங்க.

வில்லியனூர்

காகித வேலையைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே லோடு பாடியைக் கழற்றுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் வரைபடத்தோடு எழுத்துப்பூர்வமாக அனுமதி கேளுங்கள். வேலை முடித்த பிறகு போனால் எஃப்.சி.யில் நிற்கும், காப்பீடும் சிக்கலாகும். பிஒய்-01 (பாண்டி) ஆனாலும் டிஎன்-31 (கடலூர்) ஆனாலும் சட்டம் ஒன்றே.

பின்பக்கம் நீட்டும் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீல்பேஸில் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரத்தில்) 60 சதவீதத்துக்கு மேல் பின் ஓவர்ஹேங் (பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் நீளும் பகுதி) கூடாது, 2,100 மி.மீ. வீல்பேஸுக்கு 1,260 மி.மீ. அந்த எல்லைக்குள்ளேயும் பின் ஆக்ஸிலுக்கு 80 செ.மீ. பின்னால் 40 கிலோ வைத்தால் முன் ஆக்ஸிலில் 15 கிலோ குறையும். தண்ணீர் டேங்க், பேட்டரி இரண்டையும் கேபினை ஒட்டி வையுங்கள். முடிந்ததும் எடை மேடையில் முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாக எடை போடுங்கள். ஓடும்போது கேம்பருக்குள் ஆள் இருக்கக் கூடாது.

முதலியார்பேட்டை தார்ப்பாய்

சுவருக்கு பிவிசி தார்ப்பாய் கேட்கிறாங்க, விலை கம்மின்னு. ஐப்பசி மழையில ரெண்டு பேர் உள்ள படுத்தா விடியறதுக்குள்ள சுவர்ல முத்து முத்தாத் தண்ணி நிக்கும், மெத்தை ஓரம் நனைஞ்சிடும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கித்தான் போடுங்க, மூச்சு விடும். எதிரெதிரா ரெண்டு ஜன்னல், கொசுவலையோட. ஜிப் நைலான் பல்லுதான், உலோகப் பல்லு உப்புல இறுகிடும்.

புதுக் கித்தான் முதல் மழையில தையல் வழியா ஒழுகும். துணி கெட்டதில்ல, ஊசி ஓட்டை இன்னும் அடையல. மாட்டினதும் கூரையைத் தூக்கி, ஹோஸ் பைப்ல நல்லா நனைச்சு, முழுசாக் காய விடுங்க. ரெண்டு மூணு தடவை இப்படிச் செஞ்சா நூல் உப்பி ஓட்டையை அடைச்சுக்கும். அதுக்கப்புறமும் சொட்டுற இடத்துல மட்டும் உள்பக்கம் மெழுகு தேய்ங்க.

மழையில மூடிக்கிட்டு வந்தா வீட்டுக்கு வந்த அன்னைக்கே திறந்து காய வைங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல ரெண்டு நாள் மடிச்சு வச்சா மடிப்பு மடிப்பா கரும்புள்ளி விழும். பிளீச்சிங் போட்டா புள்ளியோட துணியும் நைஞ்சு போகும்.