எல் நினோவை நம்பி நான் விதைக்கலாமா?

புழுதிவிதை:
முதுகுளத்தூர் பக்கம் எனக்கு நாலு ஏக்கர், முழுக்க மானாவாரி. ஆவணிக் கடைசியில் புழுதியில் நெல்லைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பது எங்கள் ஊர் வழக்கம். பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் இயல்பைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கூடும், அந்த நீர் குளிரும் லா நினா வந்தால் குறையும் என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். அதை வைத்து விதைப்பை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. 2016-ஐயும் 2021-ஐயும் பாருங்கள். இரண்டுமே லா நினா பக்கம் சாய்ந்த ஆண்டுகள். இந்தியப் பெருங்கடலின் மேற்கு, கிழக்குப் பக்கங்களின் சூட்டு வேறுபாட்டைச் சொல்லும் 'இருமுனை'யும் இரண்டிலும் எதிர்மறை, அதாவது கிழக்குப் பக்கம்தான் அதிகச் சூடு. ஆனால் 2016-இல் மாநிலத்தின் பருவமழை இயல்பைவிட 62% குறைந்தது, 2021-இல் 59% கூடியது. ஒரே ஜாதகத்துக்கு இப்படி இரண்டு பலன் வந்தால் எதை நம்புவது?

கீழ்க்காற்று:
அண்ணே, இரண்டு ஆண்டை மட்டும் எடுத்தால் எதையும் மறுத்துவிடலாம். 1997, 2015 இரண்டும் பெரிய எல் நினோ ஆண்டுகள், இரண்டிலும் நமக்கு நல்ல மழை. இதற்குக் காரணமும் தெரிந்ததுதான். எல் நினோ காலத்தில் இந்தோனேசியா பக்கம் மேலே எழும்பும் காற்று தளர்ந்து, மழை மேகம் பசிபிக்கின் நடுப்பகுதிக்கு நகர்கிறது. மேற்குப் பசிபிக்கில் அழுத்தம் கூடுகிறது. அதன் தெற்கு ஓரத்தில் கிழக்கிலிருந்து வீசும் காற்று வலுத்து, வங்கக் கடலின் ஈரத்தை இலங்கைக்கும் நமக்கும் தள்ளுகிறது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் ஏற்றப்பலகை போல மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டு சொன்னார். நூறு வருடமாகச் சோதித்துப் பார்த்த விஷயத்தை ஜாதகம் என்று தள்ளிவிடாதீர்கள்.

திருமலை:
அண்ணை, இலங்கையில எங்கட பக்கம் ஒரு சங்கதி சொல்கிறன். வடகிழக்குப் பருவமழையில் செய்யும் எங்கட பெரும்போக நெல்லுக்கு எல் நினோ நல்லது என்பது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும்தான். 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தில் வெள்ளம் வந்து மட்டக்களப்பு வயல்கள் மூழ்கினது லா நினா காலத்தில். மாதம் மாறினால் கணக்கும் மாறுது. அதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும்.

புழுதிவிதை:
தம்பி, அந்த 2015-ஐயே எடுத்துக்கொள்வோம். மழை கூடும் என்பது பலித்தது, சரி. டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டும் என்று பசிபிக்கைப் பார்த்து யார் சொல்லியிருக்க முடியும்? மாநில சராசரி என் வயலுக்கு வருவதில்லை. 2021 நவம்பரில் 11-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் கரை கடந்த தாழ்வு மண்டலங்கள் இரண்டும் சென்னையை ஒட்டியே போயின. தாழ்வு வடக்கே ஏறினால் எங்களுக்கு மேல்காற்று திரும்பி வெயில் அடிக்கும். குமரிக்கடலிலோ இலங்கையை ஒட்டியோ சுழற்சி நின்றால்தான் எங்கள் கண்மாய்க்கு நீர் வரத்து.

இன்னொன்று, எங்களுக்கு மொத்த மழையைவிட இடைவெளிதான் ஆபத்து. புரட்டாசியில் ஒரு மழை பெய்யும், விதை முளைத்துவிடும். பயிர் இரண்டு விரல் உயரம் வந்த நேரத்தில் இருபது நாள் வறண்டால், காலையில் நுனி ஊசி மாதிரி சுருண்டு நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் மண்ணே ஒட்டாது. ஏக்கருக்கு 30 கிலோவுக்கு மேல் விதை, உழவுக்கூலி, எல்லாம் அதோடு போகும். பிறகு கார்த்திகையில் எவ்வளவு பெய்தாலும் "இயல்பான பருவமழை" என்றுதான் அறிக்கை வரும்.

இயற்பியல் ஆசிரியை:
நீங்கள் சொல்லும் இடைவெளிதான் இந்த விவாதத்தின் மையம் ஐயா. ஆனால் 2016-ஐயும் 2021-ஐயும் வைத்து அறிகுறி பொய் என்று சொல்ல முடியாது. அறிகுறி சொல்வது வாய்ப்பை மட்டும்தான். எதுவும் தெரியாதபோது குறைவு, இயல்பு, கூடுதல் மூன்றுக்கும் ஆளுக்கு 33% என்று வைத்துக்கொள்வோம். ஒரு வலுவான எல் நினோ அந்தப் பங்கீட்டைச் சாய்க்கும், அவ்வளவுதான்.

கீழ்க்காற்று தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு வருடம் சோதித்தது என்பது பாதி உண்மை. வாக்கர் காலத்தில் நன்றாகப் பொருந்திய பல தொடர்புகள் பின்னால் தளர்ந்துவிட்டன. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை குறையும் என்பார்கள்; ஆனால் 1997-இல் அவ்வளவு பெரிய எல் நினோ இருந்தும் நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பில் 102% பெய்தது. "எல் நினோ, மழை உறுதி" என்று தலைப்புப் போடும்போதெல்லாம் தவறிய ஆண்டுகளையும் பக்கத்திலேயே போடுங்கள். அதை மறைத்ததால்தான் இவர் போன்றவர்கள் நம்பிக்கை இழக்கிறார்கள்.

கீழ்க்காற்று:
ஒத்துக்கொள்கிறேன் மேடம், உறுதி என்று நான் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் அண்ணன் கேட்கும் இடைவெளிக்குப் பதில் தரக்கூடிய பெரிய அமைப்பு வேறு ஒன்று இருக்கிறது. மேடன், ஜூலியன் என்ற இரு வானிலை ஆய்வாளர்கள் 1971-இல் கண்டுபிடித்த அலைவு. மேகக்கூட்டமும் அதைத் தொடரும் வறட்சியுமாகச் சேர்ந்து, பூமத்தியரேகையை ஒட்டிக் கிழக்கே நகர்ந்து 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றும். அது இந்தியப் பெருங்கடலில் இருக்கும்போது நமக்கு மழை வாய்ப்பு கூடும். பசிபிக்குக்குப் போய்விட்டால் இங்கே பெரும்பாலும் ஓய்வு. அலைவு வலுவாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே போக்கு தெரியும். வலு இல்லையென்றால் நானே எதுவும் சொல்ல மாட்டேன். வானிலைத் துறை வியாழன்தோறும் நான்கு வார முன்னறிவிப்பு வெளியிடுகிறது, அதில் முதல் இரண்டு வாரத்தைப் பாருங்கள்.

புழுதிவிதை:
இது வேறு பேச்சு. இரண்டு வாரம் என்றால் எனக்குப் பயன்படும். புரட்டாசி மழை வரும்போதே அடுத்து ஓய்வு இருக்கிறதா என்று தெரிந்தால் விதைப்பைத் தள்ளிப்போடலாம். ஆனால் பருவம் தொடங்கும் முன்னே "இந்த வருஷம் அமோகம்" என்று சொல்வதை நம்பி 130 நாள் ரகம் போட மாட்டேன். இரண்டு ஏக்கரில் அண்ணா 4 நெல் ரகம், அது நூறு நாளில் கைக்கு வந்துவிடும். அதைப் புழுதியிலேயே போடுகிறேன். மீதி இரண்டு ஏக்கரை உழுது வைத்திருக்கிறேன். அந்த அலைவு எங்கே நிற்கிறது, வலு எப்படி என்று ஆவணிக் கடைசியிலிருந்து வாராவாரம் இங்கே போடுங்கள் தம்பி. அதுவரை அந்த விதை மூட்டையை நான் பிரிக்கவில்லை.