பெரிய டயர் மாட்டிய பிக்கப்: திருப்பினால் உரசுகிறது, ஸ்டியரிங் ஆடுகிறது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், அவசரம்

செடிவண்டி | திங்கள், இரவு 10.48
வணக்கம். சனிக்கிழமை ஜேபி (ஜொகூர் பாரு) போய்ப் பெரிய ரிம்மும் டயரும் மாட்டிக்கொண்டு வந்தேன். ஒடித்துத் திருப்பினால் கரகரவென்று உரசுகிறது. அதோடு விரைவுச்சாலையில் ஸ்டியரிங் கையில் ஆடுகிறது. அலைன்மெண்ட், பேலன்சிங் இரண்டும் செய்தாகிவிட்டது. வெள்ளி காலை இன்ஸ்பெக்‌ஷன். தினமும் செடி ஏற்ற வேண்டும், வண்டியை நிறுத்திவைக்க முடியாது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_டீசல் | திங்கள், இரவு 11.05
என்ன வண்டி அண்ணே? பழைய டயர் என்ன அளவு, புதியது என்ன அளவு? உரசுவது முன்னாலா பின்னாலா? லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் கிட்) போட்டிருக்கிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது.

காற்றுமானி | திங்கள், இரவு 11.20
முதலில் காற்றைப் பாருங்கள். பத்தில் ஒன்பது ஆட்டத்துக்குக் காற்றுதான் காரணம். கடையில் டயரை ரிம்மில் உட்காரவைக்க 50 பிஎஸ்ஐ வரை ஏற்றுவார்கள், அப்புறம் இறக்க மறந்துவிடுவார்கள். எனக்கே நடந்திருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

முதல்கியர் | செவ்வாய், காலை 6.10
வண்டிப் பெயர்கூட எழுதாமல் “அவசரம்” என்று மட்டும் எழுதினால் யாரும் உதவ முடியாது. ரிம் வாங்கும் முன் நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: போல்ட் வட்டம், நடுத்துளை, அகலம், ஆஃப்செட். இது பாலபாடம். 22 வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். ஆஃப்செட் பார்க்காமல் அழகைப் பார்த்து ரிம் வாங்கிவிட்டு வந்து கேட்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரிம் அகலமும் ஆஃப்செட்டும் எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

செடிவண்டி | செவ்வாய், காலை 7.02
மன்னிக்கவும், வேலைக்குக் கிளம்பும் அவசரம். டொயோட்டா ஹைலக்ஸ், டபுள் கேப். பழையது 265/65/17. புதியது 285/70/17, ஏடி டயர் (தார் ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவானது). லிஃப்ட் இல்லை. முன்னால்தான் உரசுகிறது. ரிம்மின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன்: 9 இன்ச், ஈடி 0 என்று அச்சு இருக்கிறது. அதுதானே ஆஃப்செட்?

முதல்கியர் | செவ்வாய், காலை 7.40
அதேதான். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். உங்கள் பழைய ரிம் 7.5 இன்ச், ஈடி 30. ஹப் முகத்திலிருந்து ரிம்மின் வெளிவிளிம்பு வரை 65 மி.மீ.தான் இருந்தது. இப்போது 9 இன்ச், ஈடி 0. அந்தத் தூரம் 114 மி.மீ. ரிம் மட்டுமே 49 மி.மீ. வெளியே வந்துவிட்டது. டயர் அகலம் 265 மி.மீ.யிலிருந்து 285 ஆனதால் பக்கத்துக்கு இன்னொரு 10. மொத்தம் கிட்டத்தட்ட 6 செ.மீ. வெளியே.

விட்டமும் 776 மி.மீ.யிலிருந்து 831 ஆகிவிட்டது. அதாவது சுற்றிலும் 27 மி.மீ. இடைவெளி போயிற்று.

இப்படி வெளியே தள்ளிய சக்கரம் திரும்பும்போது இருந்த இடத்திலேயே சுழலாது, பெரிய வளைவாக வீசும். முன் மட்கார்டின் பின்மூலையில் பிளாஸ்டிக் லைனரும் மட்ஃபிளாப்பும் சந்திக்கும் இடத்தில் போய் இடிக்கும். ஒடித்தபடி ரிவர்ஸ் எடுத்தால் இன்னும் சத்தமாகக் கேட்குமே?

தெம்பனிஸ்_டீசல் | செவ்வாய், காலை 8.15
2 இன்ச் லிஃப்ட் போட்டால் சரியாகிவிடும் அண்ணே. என் டி-மாக்ஸ் பிக்கப்பில் போட்டேன், ஒரு உரசலும் இல்லை.

முதல்கியர் | செவ்வாய், காலை 8.22
தம்பி, லிஃப்ட் மேலே இடம் கொடுக்கும். பின்மூலையில் கொடுக்காது. உங்கள் ரிம் என்ன ஆஃப்செட் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு வண்டிக்கு நடந்தது எல்லா வண்டிக்கும் நடக்காது.

கேட்டரிங்_அக்கா | செவ்வாய், காலை 9.30
செடிவண்டித் தம்பி, ஒரு கேள்வி. புதிய ரிம்முக்குப் புதிய நட்டு கொடுத்தார்களா, பழைய நட்டையே போட்டார்களா?

கிராஞ்சி_ஓட்டுநர் | செவ்வாய், காலை 10.12
எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சிங்கப்பூரில் 285 ஏடி டயர் எதற்கு? புக்கித் தீமா உச்சியே 163 மீட்டர், அதற்கும் தார் ரோடு இருக்கிறது. டயர் கனத்தில் டீசல் கூடச் செலவாகும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும். அதோடு மீட்டர் தப்பாகக் காட்டும். 7 விழுக்காடு பெரிய டயர் என்றால், மீட்டரில் 70 காட்டும்போது உண்மையில் 75 போகிறீர்கள். சிறிய சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையில் 70தான் உச்சம். வண்டிப் பின்னால் 70 என்ற அந்த வட்டத்தை ஒட்டிக்கொண்டே 75-இல் போனால் கேமரா பார்க்காதா?

காற்றுமானி | செவ்வாய், காலை 10.40
75 ஆகாது. கம்பெனி மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது உலக நாடுகள் பலவற்றில் விதி. பழைய டயரில் மீட்டர் 70 காட்டினால் உண்மையில் 66, 67 இருக்கும். பெரிய டயர் மாட்டினால் மீட்டர் சரியாகிறது, அவ்வளவுதான்.

கிராஞ்சி_ஓட்டுநர் | செவ்வாய், காலை 10.55
எல்லா வண்டியிலும் அதே அளவு கூட்டிக் காட்டும் என்று யார் சொன்னது? டயர் தேய்ந்தால் அதுவும் மாறும். அளக்காமல் “சரியாகிறது” என்று சொல்லி, படிப்பவர் நம்பி அபராதம் கட்டினால் நீங்களா கொடுப்பீர்கள்?

காற்றுமானி | செவ்வாய், காலை 11.08
அளந்துதான் சொல்கிறேன். ஃபோனில் ஜிபிஎஸ் வைத்துப் பாருங்கள். நேரான ரோட்டில் ஒரே வேகத்தில் ஒரு நிமிடம் போனால் போதும்.

கிராஞ்சி_ஓட்டுநர் | செவ்வாய், காலை 11.15
உங்கள் வண்டியை அளந்தீர்கள், அவருடைய வண்டியை அல்ல. நான் சொல்வதும் அதைத்தான்.

செடிவண்டி | செவ்வாய், மதியம் 1.20
ஏடி டயர் எதற்கு என்று கேட்டவருக்கு: சுங்கை தெங்கா, லிம் சூ காங் பக்கம் நாற்றங்கால்களுக்குப் போகிறேன். டிசம்பர் மழையில் பக்கப் பாதை முழுக்கக் களிமண். போன வருடம் மண்மூட்டையோடு இரண்டு முறை புதைந்து, இன்னொரு லாரி வந்து இழுத்தது. ஒரு தடவை இழுக்க 120 வெள்ளி. அதனால்தான்.
அக்கா, நட்டு கவனிக்கவில்லை. பழையது என்றுதான் நினைக்கிறேன். ஆமாம் அண்ணே, ரிவர்ஸில் சத்தம் அதிகம்.

தெம்பனிஸ்_டீசல் | செவ்வாய், மதியம் 1.45
களிமண்ணுக்கு ஏடி போதாது, எம்டி (சேற்றுக்கான டயர்) போட வேண்டும்.

கிராஞ்சி_ஓட்டுநர் | செவ்வாய், மதியம் 1.52
களிமண்ணுக்குப் பழைய அளவிலேயே ஏடி கிடைக்கிறது. 265/65/17-இல் எத்தனையோ பிராண்டு இருக்கிறது. அகலம் கூடினால் களிமண்ணில் மேலே மிதக்கும், அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்காது. இதை மறுப்பவர் மறுத்துப் பார்க்கட்டும்.

கேட்டரிங்_அக்கா | செவ்வாய், மதியம் 2.30
தம்பி, பழைய நட்டு என்றால் தயவுசெய்து வண்டியை இப்போதே ஓரமாக நிறுத்துங்கள். மற்றவர்கள் உரசலைப் பேசுகிறார்கள். எனக்குப் பயம் அந்த ஆட்டத்தைப் பற்றி.

காரணம் சொல்கிறேன். ஹைலக்ஸின் கம்பெனி அலாய் நட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். கீழே உருளையாக ஒரு கழுத்து, அதன்மேல் தட்டையான வாஷர் ஒன்று தளர்வாகச் சுழலும். அந்த நட்டு ரிம்மை அழுத்திப் பிடிக்க மட்டும்தான். ரிம்மை நடுவில் நிறுத்துவது ஹப். ஹப் 106 மி.மீ., கம்பெனி ரிம்மின் நடுத்துளையும் அதே அளவு, கச்சிதமாக உட்காரும்.

கடை ரிம் அப்படியில்லை. பல வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்று நடுத்துளையை 110 அளவுக்குப் பெரிதாக விட்டிருப்பார்கள். அதனால் ஹப் அதை நடுவில் பிடிக்காது. நட்டுதான் பிடிக்க வேண்டும். அதற்காகவே ரிம்மின் நட்டுக் குழி கூம்பு வடிவில் இருக்கும், கூம்பு முனை நட்டுதான் அதில் போக வேண்டும். தட்டை வாஷர் நட்டை அந்தக் குழியில் போட்டால் வாஷர் கூம்பின் வாயில் ஒரு மெல்லிய வட்டமாக மட்டும் தொடும். ஏர் கன்னில் முடுக்கும்போது இறுகியது போலத்தான் இருக்கும். ஓடஓடத் தளரும்.

பேலன்சிங் மிஷினில் சுழியம் காட்டும், ரோட்டில் ஆடும். மிஷின் ரிம்மைத் தன் கூம்பில் நடுவாகப் பிடிக்கிறது, உங்கள் வண்டி பிடிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு இதுவே நடந்தது. பின் சீட்டில் என் மகனும், தொட்டியில் நூறு பேருக்குச் சாப்பாடும். 60 வந்தால் ஸ்டியரிங் துடித்தது, குறைத்தால் நின்றது. நான் ரோட்டுப் பள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். ஜூரோங்கில் சிக்னலில் மெதுவாக நகரும்போது டக், டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தேன். நட்டைச் சுற்றிச் சாம்பல் கலந்த கரும்பொடி, ஈரத்தில் குழைந்து கோடாக வழிந்திருந்தது. அலுமினியம் அரைபட்ட பொடி அது. ஆறில் இரண்டு நட்டை விரலால் திருப்ப முடிந்தது.

உங்கள் சக்கரத்தில் அந்தப் பொடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

முதல்கியர் | செவ்வாய், மதியம் 3.05
நட்டுக்கும் உரசலுக்கும் சம்பந்தம் இல்லை. உரசலுக்கு ஆஃப்செட்தான் காரணம், கணக்கே போட்டுக் காட்டிவிட்டேன்.

கேட்டரிங்_அக்கா | செவ்வாய், மதியம் 3.11
உரசலுக்கு நீங்கள் சொன்ன கணக்கு சரி அண்ணே, நான் மறுக்கவில்லை. அவர் இரண்டு குறை எழுதியிருக்கிறார். இரண்டாவதற்கு இதுவரை காற்றைப் பார் என்றதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. உரசினால் பிளாஸ்டிக் தேயும். சக்கரம் கழன்றால் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் சாவார்.

முதல்கியர் | செவ்வாய், மதியம் 3.40
முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். ஆட்டத்தை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். அக்கா சொல்வது சரி. செடிவண்டி, கூம்பு நட்டு எம்12, மரை 1.5. ரிம் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப 110-106.1 ஹப் ரிங்கும் வாங்குங்கள். ஏர் கன்னில் முடிக்க விடாதீர்கள், டார்க் ரென்ச்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு, ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும். நட்டு ஏறும் ஸ்டட்டின் மரை கடிபட்டிருந்தால் ஸ்டட்டையும் மாற்றுங்கள்.

ஆனால் இதெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு உதவாது. பழையதைவிட 6 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் டயரோடு இன்ஸ்பெக்‌ஷன் போகாதீர்கள். பழைய ரிம் வீட்டில்தானே இருக்கிறது?

காற்றுமானி | செவ்வாய், மாலை 5.15
காற்று பார்த்தீர்களா?

கேட்டரிங்_அக்கா | புதன், காலை 7.20
தம்பி, பார்த்தீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

தெம்பனிஸ்_டீசல் | புதன், இரவு 9.30
என் ரிம்மையும் கழற்றிப் பார்த்தேன். 8.5 இன்ச், ஈடி 20. அதனால்தான் எனக்கு உரசவில்லை போல. 2 இன்ச் லிஃப்டால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நட்டு கூம்புதான், நல்லவேளை.

முதல்கியர் | புதன், இரவு 9.48
8.5-உம் ஈடி 20-உம் கம்பெனி ஹைலக்ஸ் ரிம்மைவிட 23 மி.மீ.தான் வெளியே வரும், உள்பக்கம் 3 மி.மீ.தான் நெருங்கும். செடிவண்டிக்கும் அந்த மாதிரி ரிம்மில் 265/70/17 போட்டால் போதும். விட்டம் 803, பழையதைவிட 3.4 விழுக்காடு கூட. களிமண்ணுக்குக் கொஞ்சம் உயரமும் கிடைக்கும். வாங்கும் முன் மட்கார்டு விளிம்பிலிருந்து நூல் குண்டு தொங்கவிட்டு, இப்போதைய டயர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்துகொள்ளச் சொல்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வாகன மாற்றங்களுக்கான பக்கத்தையும் படிக்கட்டும்.

செடிவண்டி | வெள்ளி, மதியம் 12.35
தாமதத்துக்கு மன்னிக்கவும். அக்கா எழுதியதைச் செவ்வாய் மாலைதான் படித்தேன், அப்போது உட்லண்ட்ஸில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். டார்ச் அடித்தேன். முன் இடது சக்கரத்தில் அந்தக் கரும்பொடி இருந்தது. மூன்று நட்டு கையாலேயே திரும்பியது. அங்கேயே வண்டியை விட்டுவிட்டேன். மறுநாள் தம்பி பழைய சக்கரங்களை லாரியில் கொண்டுவந்தான், இரண்டு ஸ்டட் மாற்றினோம். இன்று காலை இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது, தேறிவிட்டது. ஆட்டமும் இல்லை. அக்கா, என் இரண்டு வேலையாட்கள் தினமும் என்னோடு அந்த வண்டியில்தான் வருகிறார்கள். ரொம்ப நன்றி. எல்லாருக்கும் நன்றி.

கேட்டரிங்_அக்கா | வெள்ளி, மதியம் 12.50
நல்லது தம்பி. பழைய சக்கரமே ஆனாலும் 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கிப் பார்த்துவிடுங்கள். புது ஸ்டட் போட்டிருக்கிறீர்கள்.

கிராஞ்சி_ஓட்டுநர் | வெள்ளி, மதியம் 2.05
265/65/17 ஏடி ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் கடை இருக்கும் இடம் சொல்கிறேன். மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

தெம்பனிஸ்_டீசல் | சனி, காலை 8.40
அண்ணே, அந்த 285 டயரை மட்டும் விற்பீர்களா? ரிம் வேண்டாம்.