13-ஆம் தேதிக்கு மேல் சரி, அதற்கு முன் தப்பு: ஆக்சஸ் தேதி கியூரி

கேள்வி:
சி ஷார்ப்பில் பில்லிங் புரோகிராம் எழுதுகிறேன், டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். இரண்டு தேதி கொடுத்தால் நடுவில் போட்ட பில்கள் வர வேண்டும். 2024 ஏப்ரல் 13 முதல் 20 வரை கேட்டால் சரியாக வருகிறது. 5 முதல் 20 வரை கேட்டால் ஒரு பில்கூட இல்லை. 5 முதல் 10 வரை கேட்டால் ஜூன், ஜூலை பில்கள் வந்து நிற்கின்றன! எரரும் இல்லை. மூன்று நாளாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஃபீல்டு டேட்/டைம் வகைதான், பார்த்துவிட்டேன். தேதிக்கு இருபுறமும் # போட்டு, ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்தாக) ஒட்டித்தான் கியூரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளையை, கட்டுகிறேன். >=, <= இரண்டும் இருக்கின்றன.

பதில் 1:
கியூரியை ஓட்டும் முன் அந்த ஸ்ட்ரிங்கைத் திரையில் போட்டுப் பாருங்கள். #05/04/2024# என்று இருக்கும். நமக்கு அது ஏப்ரல் 5. ஆக்சஸுக்கு மாதம்தான் முதலில், ஆக மே 4. விண்டோஸில் நாள்-மாதம் என்று வைத்திருந்தாலும் #-க்குள் அது செல்லாது. 13 என்று ஒரு மாதம் கிடையாதே, அங்கே மட்டும் சத்தமில்லாமல் நாள் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட 5–10, மே 4 முதல் அக்டோபர் 4 வரை ஆகிவிட்டது. 5–20, மே 4 முதல் ஏப்ரல் 20 வரை என்று தலைகீழானதால் ஒன்றும் வரவில்லை.

ஒட்டுவதை விட்டுவிட்டு, தேதியைத் தேதியாகவே பாராமீட்டரில் (கியூரியில் இடம் மட்டும் விட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுப்பது) அனுப்புங்கள். சி ஷார்ப்பை ஆக்சஸோடு இணைக்கும் ஓலிடிபி, பாராமீட்டரின் பெயரைப் பார்க்காது, வரிசைதான் கணக்கு. வகை டேட் என்று நீங்களே குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் டைப் மிஸ்மேட்ச் (வகை பொருந்தவில்லை) எரரில் மாட்டக்கூடும்.

பதில் 2:
இதே இடத்தில் நான் # போட மறந்து ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். ஆக்சஸ் / குறியை வகுத்தல் என்று நினைத்து, 5-ஐ 4-ஆல், பிறகு 2024-ஆல் வகுத்து, அதன் தேதிக் கணக்கு தொடங்கும் 1899 டிசம்பர் 30 நள்ளிரவு தாண்டி 53 வினாடி என்று எடுத்துக்கொண்டது. அந்தத் தேதிக்கு மேல் என்றால் எல்லா பில்லும்தானே வரும்!

கேட்டவர்:
பாராமீட்டர் போட்டதும் 5–20 வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் 20-ஆம் தேதி பில் ஒன்றுகூட இல்லை. 13–20 சரி என்று சொன்னேனே, இப்போது எண்ணிப் பார்த்தால் அதிலும் இல்லை.

பதில் 1:
பில்லோடு நேரமும் சேமிக்கிறீர்கள். வெறும் 20 என்றால் 20 பிறக்கும் நள்ளிரவு 00:00. காலை 10 மணி பில் அதைவிடப் பெரியது. <= வேண்டாம், 21-ஐக் கொடுத்து < போடுங்கள். 23:59:59.999 என்று ஒட்டவைக்கும் பழக்கமும் வேண்டாம். நாளை எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸுக்கு மாறினால், அங்கே டேட்டைம் வகை அதை அடுத்த நாள் நள்ளிரவாக ரவுண்டு செய்துவிடும்.

கேட்டவர்:
ஒரு நாள் கூட்டி < போட்டேன். 20-ஆம் தேதியின் 14 பில்லும் வந்துவிட்டன, இரவு 9:52-க்குப் போட்ட கடைசி பில் உட்பட.