தூண்டிலுக்கு எந்தக் கண்ணாடி? குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

குழு: திருமலைச் சொந்தங்கள் (திருகோணமலை, இலங்கை)

சுரேஸ் அத்தான் (பி.ப. 6.48)
எல்லாருக்கும் வணக்கம். நிரோ, மீன்பிடிக்கப் போடுகிற கண்ணாடி ஒன்று கேட்டாய்தானே. இங்கே டொரோண்டோவில் இப்போது காலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கடைக்குப் போகிறேன். இணையத்தில் பார்த்தால் சாம்பல், செம்பு, மஞ்சள், வெளியே நீலமாக மின்னுவது, பச்சையாக மின்னுவது என்று எத்தனையோ கிடக்கிறது. எதை எடுப்பது?

நிரோ (6.53)
அத்தான், நிறத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் போலரைஸ்ட் என்று எழுதியிருக்க வேண்டும். சாதாரண கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கும். மேலே மினுங்குகிற தண்ணீரும் இருளும், அடியில் நிற்கிற மீனும் இருளும். போலரைஸ்ட் அந்த மினுக்கத்தை மட்டும் எடுத்துவிடும்.

நிரோ (6.56)
தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் கிடையாக அதிரும். லென்ஸில் இருக்கிற மெல்லிய படலம் நிலைக்குத்தாக அதிர்கிற வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். போட்டுக்கொண்டு தலையைத் தோள்பக்கம் சரித்துப் பாருங்கள், மினுக்கம் திரும்ப வரும். நிமிர்த்தினால் போய்விடும்.

சுரேஸ் அத்தான் (6.58)
அப்போ எந்த நேரமும் அடி தெரியுமா?

நிரோ (7.04)
இல்லை. பார்க்கிற கோணம் முக்கியம். நேர் கீழே பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது, அடிவானத்துப் பக்கம் பார்த்தாலும் குறைவு. தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை சரிவில் பார்க்கிற இடத்தில்தான் முழுதாக வெட்டும். டச்சுக் குடாப் பாறையில் நிற்கும்போது என் கண் தண்ணீருக்கு மேலே 3 மீற்றரில் இருக்கிறது என்று வையுங்கள். அப்போது சுமார் 4 மீற்றர் தள்ளிக் கிடக்கிற தண்ணீர் மிகத் தெளிவாகத் தெரியும். அதைச் சுற்றியும் நன்றாகத்தான் இருக்கும். தூரம் போகப் போகத்தான் குறையும். உயரமாக நின்றால் தெளிவான இடமும் தள்ளிப் போகும், அதனால்தான் நான் எப்போதும் மேல் பாறையில் ஏறி ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்குகிறேன்.

நிரோ (7.06)
இன்னொன்று. எங்கள் பக்கத்தில் சூரியன் கடலிலிருந்துதான் ஏறும். விடிய ஆறரைக்குக் கடலைப் பார்த்து நின்றால் நேரே முகத்தில் அடிக்கும். அவ்வளவு தாழ்ந்த வெயிலின் மினுக்கத்தை எந்தக் கண்ணாடியும் முழுதாக எடுக்காது. எட்டரை, ஒன்பதுக்கு வெயில் ஏறினதும்தான் இதன் அருமை தெரியும்.

பெரியப்பா (7.15, குரல் செய்தி)
மருமகன், சுகமாக இருக்கிறீர்களா? பிள்ளைகள் எல்லாரும் எப்படி? நிரோ சொன்னதைக் கேட்டேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எங்களுக்குக் கடலின் நிறம்தான் வழி. கடும் நீலம் என்றால் ஆழம், பச்சை கலந்து வந்தால் மணல் மேலே ஏறுகிறது, கபில நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கீழே கல்லுப் பார் இருக்கிறது. நிலாவெளிக்கு மேலே போகிறபோது இதைப் பார்த்துத்தான் போட்டைத் திருப்புகிறோம். நிறக் கண்ணாடி போட்டால் இதெல்லாம் மாறிப்போகாதா?

நிரோ (7.19)
நல்ல கேள்வி பெரியப்பா. செம்பு, மஞ்சள் போட்டால் மாறும். சாம்பல் போட்டால் மாறாது. அது எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். நீலம் நீலமாகவே இருக்கும், பச்சை பச்சையாகவே இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும். ஆழ்கடலுக்கும் கடும் வெயிலுக்கும் சாம்பல்தான் சரி. மேல் மினுக்கம் போய்விடுவதால் பார் இருக்கிற இடம் உங்களுக்கு முன்னதைவிட வடிவாகத் தெரியும்.

நிரோ (7.24)
எனக்குத்தான் செம்பு வேண்டும் அத்தான். நான் கரையில் நின்று எறிகிறவன். உப்புவெளியில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் மணலும் திருக்கையும் ஒரே நிறம். அது மணலைத் தன் மேலே போர்த்துக்கொண்டு கிடக்கும்போது உடம்பே தெரியாது. இரண்டு கண்மேடும், பின்னால் நீண்டு கிடக்கிற வால் கோடும் மட்டும்தான் தெரியும். செம்பு நிற லென்ஸ் நீல வெளிச்சத்தைக் கூடுதலாகக் குறைப்பதால் நிழலும் விளிம்பும் எடுபடும். கால் வைக்க முதல் அந்த வால் கோட்டைப் பார்ப்பது, மீனைப் பார்ப்பதைவிடப் பெரிய விஷயம்.

சுரேஸ் அத்தான் (7.26)
மூதூர்ப் பக்கம் போனாலும் செம்புதானா?

நிரோ (7.29)
அங்கேயும் செம்புதான். ஆனால் மகாவலி வந்து கொட்டியார் குடாவில் விழுகிற இடம், மாரி மழைக்குப் பிறகு நன்றாகக் கலங்கிவிடும். கலங்கின தண்ணீரில் கண்ணாடி மினுக்கத்தை எடுக்கும், சேற்றை எடுக்காது. அங்கே மீன் துள்ளுகிற அசைவைப் பார்க்கலாம். ஆனால் அடி தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தர்சி அக்கா (7.33)
இப்போதுதான் வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் வாசித்தேன். அத்தான், நான் ஒன்று சொல்ல வேண்டும். போலரைஸ்ட் என்றால் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு. யூவி 400 என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். 400 நானோமீற்றர் வரைக்குமான கதிர்களைத் தடுக்கும் என்று அர்த்தம். அந்தத் தடுப்பு இல்லாத கறுத்த லென்ஸ், ஒன்றுமே போடாமல் இருப்பதைவிட மோசம். இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

தர்சி அக்கா (7.38)
அப்புறம், இதை எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன் என்று பெரியப்பா கோபிக்க வேண்டாம். உங்கள் வலது கண்ணில் மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து வருகிறது. பொங்கலுக்கு வந்தபோதே கண்டேன். எங்கள் கிளினிக்குக்கு இப்படி வருகிறவர்களில் கடல் தொழிலாளர்களும் வயல் வேலை செய்கிறவர்களும்தான் கூட. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் முக்கிய காரணம், காற்றும் தூசியும் அதோடு சேரும். நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிற நாடுகளில் இது அதிகம். மெல்ல மெல்லக் கருவிழி மேலே ஏறிப் பார்வையை மறைக்கும். வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரக்கூடும். நிரோவுக்கு மீன் தெரிய வேண்டும், சரி. ஆனால் முதல் கண்ணாடி பெரியப்பாவுக்கு.

சுரேஸ் அத்தான் (7.40)
இரண்டு பேருக்கும் எடுக்கிறேன். மாமா, மறுக்காதீர்கள்.

பெரியப்பா (7.44)
மருமகன், நான் மறுக்கவில்லை. வலையை இழுக்கும்போது கடலில் விழுந்தால் உங்கள் காசு வீணாகப் போய்விடும் என்றுதான் யோசிக்கிறேன். உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும் வேறு.

நிரோ (7.47)
பின்னால் மாட்டுகிற, தண்ணீரில் மிதக்கிற பட்டி விற்கிறார்கள் பெரியப்பா. அத்தான், அதையும் இரண்டு எடுங்கள். உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். உப்புக் காய்ந்திருக்கும்போது சாரத்து நுனியால் துடைக்கவே கூடாது. அந்த உப்புத்தான் லென்ஸைக் கீறும். போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிணைச்சலில் இரும்பு இருந்தால் துருப்பிடிக்கும், நல்ல பிளாஸ்டிக் பிணைச்சலாகப் பாருங்கள்.

தர்சி அக்கா (7.49)
முகத்தோடு ஒட்டி வளைந்து வருகிற பிரேம் எடுங்கள் அத்தான். பக்கத்தால் நுழைகிற வெயில்தான் மூக்குப் பக்கம் போய் விழுகிறது. தொப்பியும் போட வேண்டும்.

கவின் (7.51)
நிரோ மாமா, நீலமாக மின்னுகிறது வாங்குங்கோ. அதுதான் வடிவு.

நிரோ (7.54)
கவின், அந்த மின்னல் வெளிப்பூச்சு. அது கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். உள்ளே லென்ஸ் என்ன நிறம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீலப் பூச்சுக்கு உள்ளே பெரும்பாலும் சாம்பல் இருக்கும், பச்சைப் பூச்சுக்கு உள்ளே பெரும்பாலும் செம்பு. ஆகவே பெரியப்பாவுக்கு நீலம் மின்னுவது கிடைத்தாலும் நல்லதுதான். நீ புறாத்தீவுக்குப் போகும்போது என்னுடையதைப் போட்டுப் பார். அது 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போட முடியாது, ஆனால் போட்டில் இருந்தபடியே முருகைக்கல் தெரியும்.

சுரேஸ் அத்தான் (8.21)
கடையில் நிற்கிறேன். கொஸ்டா என்கிற கம்பனியில் 580ஜி, 580பி என்று இரண்டு இருக்கிறது. 200 டொலருக்கு மேலே. என்ன வித்தியாசம்?

நிரோ (8.24)
ஜி என்றால் உண்மையான கண்ணாடி. லேசில் கீறல் விழாது, தெளிவு கூட, பாரமும் கூட. பி என்றால் பொலிகார்பனேட். பாரம் குறைவு, சுலபமாக உடையாது, கீறல் மட்டும் கவனிக்க வேண்டும். கல்லில் சிக்கின தூண்டிலை இழுக்கும்போது ஈயம் பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும். அதனால் இரண்டு பேருக்கும் பொலிகார்பனேட் போதும். அந்தக் கம்பனிதான் வேண்டும் என்றும் இல்லை. போலரைஸ்ட், யூவி 400, பொலிகார்பனேட், இந்த மூன்றும் இருந்தால் பாதி விலைக்கு எடுங்கள்.

சுரேஸ் அத்தான் (8.27)
இங்கே 25 டொலருக்கும் ஒன்று இருக்கிறது, போலரைஸ்ட் என்றுதான் ஒட்டியிருக்கிறது. உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

நிரோ (8.30)
போலரைஸ்ட் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் கையில் எடுங்கள். அதற்கு முன்னால் இதைப் பிடித்து 90 பாகை திருப்புங்கள். இரண்டு லென்ஸும் கும்மிருட்டாக வேண்டும். கல்குலேட்டர் திரைக்கு முன்னால் திருப்பினாலும் தெரியும். போன் திரையை மட்டும் நம்ப வேண்டாம், சில போனில் இருளாது.

சுரேஸ் அத்தான் (8.36)
விலை கூடினது இரண்டு பக்கமும் இருண்டது. மலிவானதில் இடது பக்கம் இருண்டது, வலது பக்கம் கொஞ்சம் வெளிச்சம் விடுகிறது.

நிரோ (8.37)
வைத்துவிடுங்கள். படலத்தைச் சரித்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு மினுக்கம் தெரியும், மற்றதற்குத் தெரியாது. ஒரு மணித்தியாலத்தில் தலையிடி வரும்.

தர்சி அக்கா (8.39)
கறுப்பின் அளவும் பாருங்கள். 3ஆம் வகை என்றால் 8 இலிருந்து 18 வீதம் வெளிச்சம் உள்ளே வரும், கடலுக்கு அது காணும். 4ஆம் வகை வேண்டாம், 3 இலிருந்து 8 வீதம்தான் விடும். அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டக் கூடாது. பெரியப்பா துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் வீட்டுக்கு வருகிறார்.

பெரியப்பா (8.43)
ஜிபிஎஸ் திரை இதைப் போட்டால் தெரியுமா?

நிரோ (8.45)
ஒரு கோணத்தில் கறுத்துப் போகும் பெரியப்பா, பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தலையைக் கொஞ்சம் சரித்தால் தெரியும். இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸைத் திருப்பிப் பூட்டித் தருகிறேன். இரவில் கணவாய்க்குப் போகும்போது கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

தர்சி அக்கா (8.47)
தங்கூசி நூலில் முடிச்சுப் போடப் பெரியப்பாவுக்கு வாசிப்புக் கண்ணாடி வேண்டும், பவர் 2. கீழ்ப்பக்கத்தில் வாசிப்புப் பவர் வைத்த போலரைஸ்ட் வரும். கேட்டுப் பாருங்கள் அத்தான்.

சுரேஸ் அத்தான் (8.55)
இருக்கிறது. சாம்பல், 3ஆம் வகை, யூவி 400, கீழே பவர் 2, பொலிகார்பனேட். ஆனால் நடுத்தரம், பெரிது என்று இரண்டு அளவு. மாமாவின் முகம் எவ்வளவு அகலம்?

நிரோ (9.02)
இப்போதுதான் அளந்தேன். ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மற்றதற்கு 15 சென்ரிமீற்றர். பெரியதை எடுங்கள். எனக்கு நடுத்தரம் காணும், செம்பு நிறம்.

சுரேஸ் அத்தான் (9.11)
இரண்டும் எடுத்தாச்சு, பட்டியும் இரண்டு. பற்றுச்சீட்டு கையில் இருக்கிறது, அளவு பிழைத்தால் நான் ஊருக்கு வருவதற்கு முதல் மாற்றலாம். மாமா, முகத்தை நேரே வைத்து ஒரு படம் எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள்.