.30-06-க்கு எந்த வெடிமருந்து? எண் ஒன்றுதான், ஆனால் போல்ட் இறுகிவிட்டது

குளிர்மலை:
வணக்கம். என்னிடம் இருப்பது .30-06 வகைத் தோட்டா போடும் போல்ட் துப்பாக்கி (கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா மாற்றுவது), குழல் 22 அங்குலம். மான் வேட்டைக்காக 180 கிரெய்ன் (எடை அளவு) குண்டு வைத்து நானே தோட்டா அடைக்கிறேன். நான்கு ஆண்டுகளாக எச் 4831 வெடிமருந்துதான். தோட்டா அடைக்கும் கையேட்டின் உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே வைத்திருந்தேன். ஒரு நாளும் தொல்லை வந்ததில்லை.

சென்ற மாதம் அந்த டப்பா தீர்ந்துவிட்டது. கடையில் ஐ.எம்.ஆர். 4831 மட்டுமே கிடைத்தது. எண் ஒன்றுதானே என்று நினைத்து, பழைய எடையிலேயே இருபது தோட்டா அடைத்தேன். நல்ல வெயில் நேரத்தில் சுட்டேன். முதல் தோட்டாவிலேயே போல்ட் கைப்பிடி கனத்தது. மூன்றாவதில் உள்ளங்கையால் தட்டித்தான் தூக்க முடிந்தது. பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகி அதன் விளிம்பு வட்டமே மறைந்துவிட்டது. தோட்டாவின் அடிப்பகுதியில் பளபளவென ஒரு தடமும் விழுந்திருக்கிறது. மீதிப் பதினேழு தோட்டாக்கள் அப்படியே இருக்கின்றன. கோளாறு துப்பாக்கியிலா, மருந்திலா? இந்தக் குண்டுக்கு எந்த மருந்து சரியாக இருக்கும்?

பழங்குழல்:
தம்பி, அந்தப் பதினேழில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

துப்பாக்கியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. எச் 4831, ஐ.எம்.ஆர். 4831 இரண்டும் வேறு வேறு மருந்துகள். இரண்டாம் உலகப்போரில் 20 மி.மீ. பீரங்கித் தோட்டாவுக்காகச் செய்த மருந்து போருக்குப் பின் மிஞ்சிப்போய், மலிவு விலையில் வேட்டைக்காரர்கள் கைக்கு வந்தது. ஹாட்ஜ்டன் என்ற வணிகர் அதை 4831 என்று விற்றார், எச் என்பது அவர் பெயர்தான். ஐ.எம்.ஆர். அதே எண்ணில் பின்னர் கொண்டுவந்த மருந்து அதைவிட வேகமாக எரியும். நீங்கள் உச்சத்தை ஒட்டி வைத்திருந்த எடை புதிய மருந்துக்கு உச்சத்தைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் வெயிலும் சேர்ந்துகொண்டது. போல்ட் இறுகுவது, பிரைமர் தட்டையாவது, அடியில் தடம் விழுவது எல்லாம் அழுத்தம் மிகுந்ததன் அடையாளங்கள். .30-06-க்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. இந்த அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் அந்த எல்லையைக் கடந்திருப்போம்.

4350 என்ற எண்ணிலும் இதே பொறி இருக்கிறது. எச் 4350, ஐ.எம்.ஆர். 4350 இரண்டுக்கும் அட்டவணை தனித்தனி. எச் 4831-இன் பின்னால் எஸ்.சி. என்று இருந்தால் மட்டும் அஞ்ச வேண்டாம். அது மருந்துக் குச்சிகளைக் குட்டையாக நறுக்கிய அதே மருந்து.

நடைவழி:
நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். அழுத்தம்தான் பிரச்சினை என்றால், அதே மருந்தைப் பாதியாகக் குறைத்து அடைத்தால் பாதுகாப்பாக இருக்காதா?

பழங்குழல்:
இல்லை. கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் பலர் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் (மருந்து நிரப்பும் தோட்டா உறையில்) பாதி அளவு போட்டால் அது ஒழுங்காகப் பற்றாது. சில வேளை குண்டு குழலிலேயே சிக்கி நின்றுவிடும். சில வேளை அழுத்தம் எதிர்பாராமல் எகிறித் துப்பாக்கியையே உடைத்திருக்கிறது. கையேட்டில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதற்குக் கீழே போகக் கூடாது. அந்த அடி எல்லையை மதிப்பதும் உச்ச எல்லையை மதிப்பதைப் போலத்தான்.

தராசுமுள்:
எந்த மருந்து என்ற கேள்விக்கு வருகிறேன். எரிவேகப் பட்டியலைப் பார்த்துப் பெயரைப் பொறுக்காதீர்கள். எது எதைவிட வேகம் என்பதை மட்டுமே அது காட்டும், எவ்வளவு போடலாம் என்று சொல்லாது.

கனமான குண்டு மெதுவாக நகரும். அது நகர்ந்து பின்னால் இடம் உண்டாவதற்குள் மருந்து முழுதும் எரிந்துவிட்டால் அழுத்தம் குவிந்துவிடும். அதனால் குண்டு கனக்கக் கனக்க, மெதுவாக எரியும் மருந்து வேண்டும். கூடு பெரிதாகிக் குழல் துளை சிறிதானாலும் இதே கணக்குதான். .308 வின்செஸ்டரின் சிறிய கூட்டுக்கு ஐ.எம்.ஆர். 4064, வார்கெட் போன்றவை பொருந்துகின்றன. .30-06-இல் 150 கிரெய்னுக்கும் அவை நன்றாகவே வேலை செய்யும். 180 கிரெய்ன் என்றால் என் மனம் 4350 பக்கமே போகிறது. 4831 அந்தக் கூட்டில் மெதுவான ஓரத்தில் நிற்கும், ஆனாலும் நல்ல மருந்து. அதைவிட மிக மெதுவானதை வாங்கினால் கூடு நிரம்பி வழியும், வேகமோ வராது.

மருந்து கூட்டை ஏறக்குறைய நிரப்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். நிரம்பிய கூட்டில் மருந்து முன்னும் பின்னும் சரியாது, அதனால் ஒவ்வொரு வெடியும் முந்தையதைப் போலவே இருக்கும். தவறி இருமடங்கு கொட்டினாலும் வாய் வழியே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் வெயிலில் சுட்டுப் பார்த்துவிட்டுக் குளிரில் வேட்டைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் வெப்பநிலைக்கு அதிகம் ஆடாத மருந்தைப் பாருங்கள். எச் 4350, வார்கெட், எச் 4831 மூன்றும் அதற்கென்றே செய்தவை. உருண்டை மருந்துகள் அளவுக்குழாயில் தண்ணீர் போல ஓடும். குச்சி மருந்து இடையில் சிக்கும், ஆகவே ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தே போடுங்கள். அந்தச் சிரமம் வீண்போகாது. உங்கள் குழல் 22 அங்குலம் என்பதற்காக வேகமான மருந்தைத் தேட வேண்டாம். நீளக் குழலில் அதிக வேகம் தரும் மருந்தே பெரும்பாலும் இதிலும் தரும். குழல் வாயில் தீச்சுடர் சற்றுப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

மருந்து மாறினால், குண்டு மாறினால், பிரைமர் மாறினால், மீண்டும் தொடக்க அளவிலிருந்து அரை கிரெய்ன் அரை கிரெய்னாக ஏறுங்கள். வேகமானி ஒன்றை இரவல் வாங்குங்கள். கையேடு உச்ச அளவுக்குக் காட்டும் வேகம் உங்களுக்கு முன்பே வந்துவிட்டால், எடை குறைவாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த வேகத்துக்குரிய அழுத்தம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள்.

குளிர்மலை:
பதினேழு தோட்டாக்களையும் குண்டு பிடுங்கும் சுத்தியலால் தட்டிப் பிரித்துவிட்டேன். சுட்ட மூன்று கூடுகளில் இரண்டில் புதிய பிரைமர் விரலால் தள்ளினாலே உள்ளே போகிறது, அழுத்தத்தில் அதன் குழி விரிந்துவிட்டது. மூன்றையும் நசுக்கி எறிந்துவிட்டேன்.

எச் 4350 கிடைத்தது. தொடக்க அளவிலிருந்து ஐந்து படிகள் அடைத்து, நான்கு படிகளைப் படிக்கு மூன்றாகச் சுட்டேன். நான்காவது படியில் மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டன. வேகம் கையேட்டின் உச்சத்துக்குச் சற்றுக் கீழேதான். போல்ட் ஒரு விரலுக்கே எழுந்துவிடுகிறது. ஐந்தாவது படியைச் சுடவில்லை, அதையும் பிரித்துவிட்டேன். ஐ.எம்.ஆர். 4831 டப்பாவில் சிவப்பு மையால் பெயரை முழுதாகப் பெரிதாக எழுதி, அதற்குரிய அட்டவணையை நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். இனி மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான் இருக்கும்.

பழங்குழல்:
வேட்டைக்குப் போகும் முன், பனி விழும் ஒரு காலையில் அதே நான்காவது படியை இன்னொரு முறை சுட்டுப் பாருங்கள். குண்டு எங்கே விழுகிறது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.