ஃபேக்டரியில் இ.ஆர்.பி. போட்டபோது நடந்தது: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நாள்

பீளமேட்டுக்காரன்:
எங்களுடையது பம்ப்செட் கம்பெனி. கோவைக்காரர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. காஸ்டிங், அதாவது உருக்கி வார்த்த பாகம், பவுண்டரியிலிருந்து கிலோ கணக்கில் வரும், பில்லும் கிலோவுக்குத்தான். மெஷின் ஷாப்புக்கு இஷ்யூ பண்ணுவது எண்ணிக்கையில். இ.ஆர்.பி. (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) போட வந்தவர்கள் ஐட்டம் மாஸ்டரில், அதாவது பொருள் விவரப் பட்டியலில், கேசிங் (பம்பின் வெளிக்கூடு) ஒன்றுக்கு 4.2 கிலோ என்று போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் மாதம் பார்த்தால் ஸ்கிரீனில் 212 கேசிங், ராக்கில் 168. 44 எங்கே?

மீட்டிங் கூப்பிட்டார்கள். எம்.டி., அக்கவுண்ட்ஸ், மென்பொருள் விற்ற வெண்டர் பக்கத்திலிருந்து புராஜெக்ட் மேனேஜர். ஸ்டோர்ஸில் என்ட்ரி சரியில்லை என்று அவர் சொன்னார். அதற்கப்புறம் ஒருவர் வாயில் திருட்டு என்ற வார்த்தையும் வந்தது. ஸ்டோர்ஸ் அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 26 வருஷ சர்வீஸ். ஒன்றும் பேசாமல் வெளியே போனவர், ஒரு கையில் கேசிங்கையும் இன்னொரு கையில் சின்னத் தராசையும் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடி மேஜை மேல் வைத்தார். "எடை போட்டுப் பாருங்க சார். பவுண்டரில வார்க்கிற அச்சுக்குப் புதுப் பேட்டர்ன் போட்டாங்க, கடையறதுக்குன்னு அலவன்ஸ் ஜாஸ்தி விட்டிருக்காங்க. தை மாசத்துல இருந்தே கனமாத்தான் வருது." தராசில் 4.6 கிலோ.

கணக்குப் போட்டோம். புதுப் பேட்டர்னில் வந்தது 460 காஸ்டிங். 4.6-ஆல் பெருக்கி 4.2-ஆல் வகுத்தால் 504-க்கு வந்து நிற்கிறது. அந்த 44 வேறெங்கும் போகவில்லை.

மாஸ்டரைத் திருத்தினார்கள். அண்ணனிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஷார்ட்டேஜ் லிஸ்ட் தயார் பண்ணிக் கொடுத்தவனே நான்தான். போன வருஷம் அவர் ரிட்டயர் ஆகிவிட்டார்.

திருப்பூர் துணி:
எங்களுக்குச் சிக்கல் சாயப்பட்டறை இன்வேர்டில், அதாவது சாயம் போட்டு வரும் துணியை உள்ளே எடுக்கும் என்ட்ரியில். நூல் கிலோவில், துணி கிலோவில், கட்டிங் முடிந்தால் பீஸில். நடுவில் பிராசஸ் லாஸ், அதாவது வேலையின்போது குறையும் எடை. வெண்டர் எல்லாத் துணிக்கும் 5 சதவீதம் என்று ஒரே அளவு வைத்துவிட்டார். ஒரு லாட்டுக்கு பயோவாஷ் (துணியின் மேல் இருக்கும் பிசிறை நீக்கும் கழுவல், எடை இன்னும் குறையும்) கொடுத்திருந்தோம். 612 கிலோ அனுப்பி 564 கிலோதான் வந்தது. ஸ்கிரீன் வாங்க மறுத்தது. அனுமதி கொடுக்கும் லாகின் முதலாளியிடம் மட்டும்தான். அவர் பையரைப் பார்க்க ஃபிளைட்டில் போய்க்கொண்டிருந்தார். ஹெல்ப் டெஸ்க்கில் காலை 10 மணிக்கு டிக்கெட் போடச் சொன்னார்கள்.

ராத்திரி ஒன்றரை மணி. கட்டிங் மாஸ்டர் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். டெம்போவில் தார்ப்பாயை விலக்கி, ரோலை மடியில் சாய்த்து, செல்போன் டார்ச்சில் ஷேடு பார்த்தார். "துணி நல்லா இருக்கு தம்பி, எறக்கு" என்றார். துணி சரியாக இருக்கிறது, ஆனால் உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை. கடைசியில் 581 கிலோ வந்ததாகப் பொய் என்ட்ரி போட்டு இறக்கினேன். அந்த 17 கிலோ துணி இன்றைக்கும் ஸ்கிரீனில் ஸ்டாக்காகக் கிடக்கிறது.

பழைய இம்ப்ளிமென்டர்:
பீளமேட்டு நண்பரே, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் மறுபக்கத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். எடை லிஸ்ட்டை நாங்கள் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வருவதில்லை, உங்கள் கம்பெனிதான் கொடுக்கிறது. மூன்று தடவை மெயில் போட்டுக் கேட்டால், நேற்று சேர்ந்த டிரெய்னியை விட்டு ஒரு எக்செல் ஷீட் அனுப்புவார்கள். யுஏடி என்றால் நீங்களே ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. கடைசி நாளில் வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். பேட்டர்ன் மாறியதை பவுண்டரி சொன்னது, ஸ்டோர்ஸுக்குத் தெரிந்தது. மாஸ்டரைத் திருத்த வேண்டும் என்று உங்கள் கம்பெனியில் யாருக்கு வேலை கொடுத்திருந்தீர்கள்?

எனக்கும் ஒன்று இருக்கிறது. ஓசூரில் ஆட்டோ பார்ட்ஸ் யூனிட். எனக்கு 23 வயது, இரண்டு வார டிரெய்னிங்கோடு அனுப்பிவிட்டார்கள். லேத் சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார்: "தம்பி, ரீவொர்க் பீஸை எந்த ஆபரேஷன்ல போடுறது?" நாங்கள் அமைத்த ரூட்டிங்கில் (எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசை) ரீவொர்க்கே, அதாவது குறையுள்ள பீஸைத் திருத்திச் செய்வதே, கிடையாது. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சிஸ்டத்துல இப்படித்தான் சார்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சாக்பீஸ் எடுத்து, பீஸ் போடும் பெட்டி மேல் "ரீவொர்க்" என்று எழுதிவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வாரமே என்னை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள், அங்கேதான் அடுத்த பில். அவர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் வருகிறது.

பீளமேட்டுக்காரன்:
கையெழுத்து எங்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். போட்டது ஐ.டி. ஆள். ஒரு டெமோவுக்குக்கூட ஸ்டோர்ஸ் அண்ணனைக் கூப்பிடவில்லை. நீங்களும் கேட்கவில்லை, நாங்களும் அனுப்பவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்:
எங்கள் வெண்டர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். மென்பொருள் டாங்கிளில் (கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சின்னச் சாவி) ஓடியது. ஒரு நாள் டாங்கிள் போச்சு, ஒன்பது வருஷ இன்ஸ்பெக்ஷன் ரெக்கார்டும் அதோடு போச்சு. கஸ்டமர் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்திருக்க, நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் புதிதாகப் போடப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டேட்டா முழுவதையும் எக்செல்லிலோ வேறு திறந்த வடிவத்திலோ எப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது செல்லாது. சட்ட மாற்றங்கள் ஏஎம்சிக்குள் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வருமா என்று முதலிலேயே கேளுங்கள். இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிய வேண்டிய ஜிஎஸ்டி விதி, 2020 அக்டோபரில் 500 கோடி டர்ன்ஓவருக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் என்றுதான் வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகள் பலர் அப்போதுதான் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி கோ-லைவ் (புது மென்பொருளில் வேலையைத் தொடங்கும் நாள்) வைக்காதீர்கள். வருஷ முடிவு, ஸ்டாக் எண்ணுவது, ஆடிட் எல்லாம் ஒரே வாரத்தில் தலையில் விழும். கணக்குக்கு வசதி என்பார்கள், ஆனால் ஷாப் ஃபுளோரில் இருக்கிறவர்கள்தான் சாவார்கள். டெமோ காட்ட வருகிற ஆள் வேறு, வேலை செய்ய வருகிற ஆள் வேறு. யார் வருவார், எத்தனை நாள் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கஸ்டமைசேஷன், அதாவது மென்பொருளை நம் வழக்கத்துக்கு வளைப்பது பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியின் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான லிடல், சரக்கை வாங்கிய விலையில் கணக்கு வைக்கும் கம்பெனி. எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருள் விற்பனை விலையை வைத்து ஓடுவது. லிடல் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று மென்பொருளை வளைக்கப் போனது. 2011-ல் தொடங்கிய வேலையை 2018-ல் கைவிட்டார்கள். செலவு சுமார் 50 கோடி யூரோ என்று அப்போது செய்தி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. அதற்காகத் திருப்பூர் நண்பர் 5 சதவீதத்தைத் துணிக்குத் துணி மாற்றச் சொன்னால் அதைக் கஸ்டமைசேஷன் என்று சொல்ல மாட்டேன். அது வெறும் செட்டிங், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

திருப்பூர் துணி:
அண்ணா, கேட்டார்கள். கொடுத்தும் விட்டோம்.

ஓசூர் அக்கவுண்ட்ஸ்:
கணக்கு மென்பொருள் டேலியே போதும் என்று யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன், இன்னும் சொல்லவில்லை. நான் டேலியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள். வரவு செலவுக்கு அதைவிட எதுவும் வேண்டாம். ஆனால் 70 ஐட்டம் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கொடுத்து வேலை செய்து வாங்க, போய் வரும் இடத்தில், எது யாரிடம் எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்க்க நாங்கள் வைத்திருந்த விதத்தில் முடியவில்லை. அதனால் இ.ஆர்.பி.க்கு மாறினதில் எனக்கு வருத்தமே இல்லை.

பிரச்சினை பிளேட்டிங்கில் (உலோக முலாம் பூசுவது) வந்தது. பிளேட்டிங் போட்டதும் பார்ட்டுக்கு வேறு ஐட்டம் கோடு. அனுப்பியது ஒரு கோடு, திரும்பி வந்தது இன்னொன்று, அதனால் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) முடியவே முடியாது. சரக்கு வந்து, அசெம்பிளி ஆகி, விற்றும் ஆகிவிட்டது. ஸ்கிரீனில் மட்டும் பிளேட்டிங் கடையிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாக எடுத்து வரி கேட்பார்கள். ஐடிசி-04 (ஜாப் ஒர்க் விவரம் காட்டும் ஜிஎஸ்டி படிவம்) போட உட்கார்ந்தபோது 43 டிசி திறந்து கிடந்தது, சிலது பதினோரு மாசம் தாண்டியது. வெண்டர் அடுத்த வெர்ஷனில் வரும் என்றார்.

பிளேட்டிங் கடைக்கு நேரில் போனேன். கடைக்காரர் என் அப்பா வயது. "வாம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, துணியில் கட்டி வைத்திருந்த எங்கள் டிசிக் கட்டுகளை எடுத்து அவிழ்த்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் எழுதியிருந்தார்: எந்தத் தேதி எத்தனை பீஸ் திருப்பி அனுப்பினார், எத்தனை ரிஜெக்ஷன், எந்த வண்டி. அதைப் பார்த்துப் பார்த்து நான் லேப்டாப்பில் அடித்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருந்தார். ஆசிட் நெடியில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. 43-உம் முடிய சாயங்காலம் ஆறரை ஆனது. கிளம்பும்போது, "இனிமே நான் ஒரு நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.