நாவல் 9-ஆம் அத்தியாயத்தோடு நிற்கிறது. சோம்பலா, கதையில் கோளாறா?

உப்புக்காற்று:
அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி உப்பளத்தைக் களமாக வைத்த நாவல். மொத்தம் 32 அத்தியாயம், சுமார் 70,000 சொல் என்று திட்டம். இதுவரை 9 அத்தியாயம், 19,400 சொல். ஆறு வாரமாக 10-ஆம் அத்தியாயத்தின் முதல் பக்கம் தாண்டவில்லை.

கிடைக்கிற நேரம், வார நாட்களில் இரவு 45 நிமிடம், ஞாயிறு மூன்று மணி நேரம். கோப்பைத் திறந்ததும் முதல் அத்தியாயத்திலிருந்து படித்துத் திருத்துவதிலேயே அந்த 45 நிமிடம் போய்விடுகிறது. போதாததற்கு வேறொரு கதை மனதில் வந்து உட்கார்ந்துகொண்டு, இதை விட்டு அதை எழுது என்கிறது. ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவர என்ன செய்யலாம்? தினம் இத்தனை சொல் என்று கணக்கு வைப்பது உதவுமா?

நடுப்பக்கம்:
19,400 என்பது உங்கள் திட்டத்தில் கால் பங்கைச் சற்றுத் தாண்டிய இடம். நாவல்கள் அதிகம் நிற்பது இங்கேதான். முதல் கால் பங்கில் ஆட்களை அறிமுகம் செய்கிறோம், ஊரைக் காட்டுகிறோம். எல்லாமே புதிது என்பதால் அந்த வேகத்திலேயே எழுத்து ஓடும். அறிமுகம் முடிந்ததும் கதைமாந்தர் எதையாவது விரும்பி, அதற்காக ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வார் என்று எழுதுகிறவருக்கே தெரியாதபோது கை நிற்கிறது. அதைத்தான் பெரும்பாலும் ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சோதிக்க ஒரு வழி. கோப்பைத் திறக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் 10-ஆம் அத்தியாயத்தைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், தடுப்பது யார் அல்லது எது, அத்தியாயம் முடியும்போது எது மாறியிருக்கும். உங்கள் கதைமாந்தர் பெயர் மாரியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். ‘மாரியம்மாள் குடும்பம் கஷ்டப்படுகிறது’ என்றுதான் வருகிறது என்றால் அது நிலைமை, அதை வைத்துக் காட்சி எழுத முடியாது. ‘மழைக்கு முன் முன்பணத்தை அடைக்க மாரியம்மாளுக்கு இன்னும் 22 நாள் கூலி வேண்டும், கங்காணி 15 நாளோடு வேலையை நிறுத்தப் போகிறார்’ என்று எழுதிப் பாருங்கள். அவள் யாரிடம் போய் நிற்பாள், எதை அடகு வைப்பாள், யாரிடம் பொய் சொல்வாள் என்று காட்சிகள் தாமாக வரிசையில் வரும்.

32 அத்தியாயத்துக்கும் இதைச் செய்து வைக்காதீர்கள். அடுத்த மூன்றுக்கு மட்டும் போதும். கடைசிவரை வகுத்துவிட்டால், மிச்சம் இருப்பது படியெடுக்கும் வேலை என்று மனம் சலித்துவிடும்.

இன்னொன்று, எங்கே நிறுத்துவது என்பது. காட்சியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெறும் பக்கத்தின் முன் உட்கார வேண்டியிருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தச் சொன்னார் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே. இரவில் 45 நிமிடமே கிடைக்கிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் இல்லை. 40-ஆவது நிமிடத்தில் வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு, ‘அடுத்து: கங்காணி திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்கிறார்’ என்று ஒரு வரி குறித்து வையுங்கள். மறுநாள் அந்தப் பாதி வாக்கியத்தை முடிப்பதுதான் முதல் வேலை.

மெய்ப்புத் திருத்தி:
திருத்திக்கொண்டே இருப்பதை மன உறுதியால் மட்டும் நிறுத்துவது கடினம். கோப்பின் அமைப்பை மாற்றுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தனிக் கோப்பு, எழுதி முடித்த ஒன்பதும் வேறொரு கோப்புறையில். இரவில் திறப்பது 10 மட்டும். நேற்று எழுதியதில் கடைசி 300 சொல்லை மட்டும் படிக்கலாம், தொடக்கூடாது.

பழைய அத்தியாயத்தில் மாற்றம் தோன்றினால் ‘திருத்தம்’ என்ற கோப்பில் ஒரு வரி போதும்: ‘3-ஆம் அத்தியாயம்: கொழுந்தன் குடிப்பவன் என்று முன்பே தெரிய வேண்டும்.’ எழுதும்போது, அது ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டே தொடருங்கள்.

தகவல் தெரியாத இடத்தில் ## என்று போட்டுவிட்டு நகருங்கள். ‘ஒரு மூட்டைக்கு ## ரூபாய்’. கூலி விவரம் தேட இணையத்துக்குப் போனால் 45 நிமிடமும் அங்கேயே முடியும். ஞாயிறு அன்று ## என்று தேடி மொத்தமாக நிரப்பலாம். ஒற்று மிகுமா மிகாதா என்பதும் அப்படித்தான். முதல் வரைவில் சந்திப்பிழை பார்க்கவே வேண்டாம்.

பெயர்களை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால், பின்னால் மாற்றுவது பெரிய வேலை. முருகனைச் செல்வம் ஆக்க ‘முருகன்’ என்று தேடி மாற்றினால் ‘முருகனுக்கு’, ‘முருகனோடு’ எல்லாம் அப்படியே நிற்கும். ‘செல்வத்துக்கு’, ‘செல்வத்தோடு’ என்று ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டும். 70,000 சொல் முடிந்த பிறகு பெயர் மாற்றிய நாவல்களில் ஒரே ஆள் இரண்டு பெயரில் உலவுவது இதனால்தான்.

காலக்கணக்கு:
சொல் கணக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உதவும், எண்ணைச் சரியாகத் தேர்ந்தால்.

அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். நவம்பரில் 30 நாளில் 50,000 சொல் எழுதும் வழக்கம் ஒன்றும் உண்டு. அது நாளுக்கு 1,667 சொல். இரண்டுமே ஆங்கிலக் கணக்கு. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக விரிவது நமக்குப் ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும். அந்த எண்ணை அப்படியே எடுத்தால் பத்து நாளில் மனம் தளர்ந்துவிடும்.

உங்கள் நேரத்துக்கு வார நாளில் 250, ஞாயிறு 900 போதும். சனி விடுமுறை. வாரத்துக்கு 2,150 ஆகிறது. மீதி 50,600 சொல்லுக்கு 24 வாரம். நான்கு வாரத்தில் ஒன்று காய்ச்சல், கல்யாணம், அலுவலக நெருக்கடி என்று போய்விடும் என வைத்தால் 32 வாரம். ஏழரை மாதத்தில் முதல் வரைவு முடிந்துவிடும்.

இதில் ஒரே ஒரு விதி, விட்ட கணக்கை மறுநாளோடு சேர்க்கக்கூடாது. செவ்வாய் எழுதவில்லை என்றால் புதன் 500 ஆகாது, அதே 250தான். கடன் ஏறும்போதுதான் பலர் கோப்பைத் திறக்கவே தயங்குகிறார்கள்.

நடுப்பக்கம்:
கணக்கில் ஒரு திருத்தம் சொல்வேன். சொல் எண்ணிக்கை மட்டும் இலக்கானால் வர்ணனை ஊதிப்போகும். சூரிய உதயத்துக்கே 250 சொல் செலவாகும், கதை நகராது. வாரத்துக்கு ஒரு காட்சி முடிய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததைப் படிக்க ஓர் ஆள் இருந்தால் மிக நல்லது. கல்கி போன்றவர்களின் தொடர்கள் வாரம் தவறாமல் அச்சுக்குப் போயாக வேண்டியிருந்தன. அந்தக் கெடு எழுத்தை நகர்த்தியது. ஞாயிறு இரவு ஒருவருக்கு அனுப்புவது என்று வைத்தால் அதே கெடு உங்களுக்கும் கிடைக்கும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் கவனம் விலகியது, அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது, இந்த இரண்டு கேள்வி மட்டும். முதல் வரைவுக்கு அதற்கு மேல் கருத்து வாங்கினால் திரும்பவும் திருத்தத்துக்குள் இழுத்துவிடும்.

உப்புக்காற்று:
மிக்க நன்றி. மூன்று வரி எழுதிப் பார்த்ததில் 10-ஆம் அத்தியாயத்தில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. உப்பு எப்படி விளைகிறது என்ற விளக்கம்தான் முழுக்க. சேகரித்த தகவலை விடவும் மனம் வரவில்லை. என்ன செய்வது? அந்த இன்னொரு கதையையும் எங்கே வைப்பது?

நடுப்பக்கம்:
தகவலை விட வேண்டாம், யாராவது ஒருவருக்கு அதை அவசரமாக்குங்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரியில் இருக்கும் (இது வெப்பம் அல்ல, உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு). வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரிக்கு வந்தால்தான் பாத்தியில் உப்பு இறங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும். இதை விளக்கமாக எழுதினால் பாடப்புத்தகம். தண்ணீர் 24 டிகிரியில் நிற்கிற மாலையில் தெற்கே மேகம் கறுக்கிறது, மாரியம்மாள் வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிறாள் என்று எழுதினால், அந்த ஒரு டிகிரியில் அவளுடைய 22 நாள் கூலியும் இருக்கிறது. வாசகருக்கு 25 என்ற எண்ணும் மறக்காது.

அவள் உடம்பு வழியாகவும் சொல்லலாம். பாதவெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறும் எரிச்சல், வெள்ளைக் குவியலில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கூசுவது. ஒரு காட்சிக்கு இப்படி இரண்டு போதும். மீதித் தகவலை ஒரு தாளில் வைத்து, பயன்படுத்தியதை அடித்துக்கொண்டே வாருங்கள்.

அந்தப் புதுக் கதைக்கு 15 நிமிடம், ஒரு பக்கம். தேதி போட்டு எழுதி மூடுங்கள். கையில் இருப்பது கடினமாகும்போதெல்லாம் எழுதாத கதை அழகாகத் தெரியும், ஏனென்றால் அதற்கு இன்னும் 10-ஆம் அத்தியாயம் வரவில்லை. அது எழுதத்தக்கதாகவே இருக்கலாம். 32 வாரம் கழித்தும் அந்தப் பக்கம் இருக்கும்.

மெய்ப்புத் திருத்தி:
பேச்சுவழக்குக்கும் ஒரு தாள் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் மொழி மாறிவிடும். ‘ஏலே’, ‘சோலி’, ‘பைய’, ‘எப்பம்’ என்று இருபது சொல். எந்த ஆள் எதைச் சொல்வார், கங்காணியிடம் பேசும்போது மாரியம்மாள் எதைத் தவிர்ப்பாள் என்று எதிரே குறியுங்கள். எழுத வராத இரவில் அந்தத் தாளை எடுத்து இரண்டு பேரைப் பேசவிட்டால் போதும். கதையில் சேராவிட்டாலும் அன்றைய 250-இல் அதைக் கணக்கு வைக்கலாம்.